தியாகி வீரமலையின் வலது கை

"தலை இருக்கு, இடுப்பு இருக்கு, முறுக்கின மீசைகூட இருக்கு. கையை மட்டும் எவன் சார் திருடிக்கிட்டுப் போவான்?" என்றேன்.

தாயுமானவன் சிலையை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில், மருதை ஸ்தபதியின் கீற்றுக் கொட்டகைக்குள் நாங்கள் நின்றிருந்தோம். எதிரே ஆறடி உயரத்தில் சிமெண்ட் தியாகி. கண் திறக்கிற நாள் வரைக்கும் சிலையின் கண்ணைக் கட்டிவைப்பது மருதையின் வழக்கமாம். ஆக, தியாகிக்குக் கண்ணில் மஞ்சள் துணி, வலது கை மணிக்கட்டோடு காணோம். கண்ணாமூச்சி ஆடப் போய் அடிபட்டு வந்த ஆள் போல நின்றிருந்தார்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் தாஜுதீன், ஊர் பாலக்கரை. திருச்சி தெப்பக்குளத்தருகே ஒரு மாடியில் 'தாயுமானவன் துப்பறியும் நிலையம்' என்று போர்டு தொங்குகிறதே, அங்கே உதவியாளர், குமாஸ்தா, காப்பி வாங்கி வருகிறவர் எல்லாம் நான்தான். தாயுமானவன் முன்பு ரயில்வேயில் க்ளெயிம்ஸ் இன்ஸ்பெக்டராக இருந்தவர். பார்சல் காணோம், மூட்டை நனைந்துவிட்டது என்று நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களின் கதைகளை வேலைக்காலம் முழுக்கக் கேட்டுக் கேட்டு, யாராவது "அதாவது சார், அன்னைக்கு என்ன ஆச்சுன்னா" என்று தொடங்கினாலே நெற்றியைத் தேய்க்கிற நிலைக்கு வந்துவிட்டார்.

அன்றைக்கு அவர் நெற்றி சிவந்து போயிருந்தது. காரணம், எங்களைக் கூப்பிட்டனுப்பிய காசிநாதன். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார், சிலைக் கமிட்டிக் காரியதரிசி, வீரமலையின் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருப்பவர். மூன்று பேர் இருக்கிற இடத்திலும் மைக் முன்னால் நிற்பது போலத்தான் பேசுவார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு, ஆகஸ்ட் மாதம். வையம்பட்டிக் குடியானவன் வீரமலை, ஸ்ரீரங்கம் ரயில் பாதையோரம் வெள்ளையனின் தந்திக் கம்பியை அறுத்தெறிந்தான். போலீஸ் துரத்திற்று. கொள்ளிடம் பாலத்தின் மீது ஏறி, 'பாரத மாதாவுக்கு ஜே' என்று விண்ணதிர முழங்கி, வெள்ளத்தில் குதித்தான். உடல் கிடைக்கவில்லை. இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. நாளை மறுநாள், சுதந்திர தினத்தன்று, அதே பாலத்து முனையில் அவனுக்குச் சிலை."

"நீங்க பார்த்தீங்களா?" என்றார் தாயுமானவன்.

"நான் அப்போது கும்பகோணத்தில் வேலையாக இருந்தேன்."

"அவர் முழங்கினதை யார் கேட்டாங்க?"

"கேட்டிருக்கத்தானே வேண்டும்? அவ்வளவு பெரிய முழக்கம்."

தாயுமானவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ஸ்தபதி பக்கம் திரும்பினார். மருதை ஆயுசு முழுக்கச் சாமி சிலை செய்தே பழகியவர். அதனால் தியாகிக்கும் காதில் துளை, கழுத்தில் மூன்று வரி, உதட்டில் மந்தகாசம் எல்லாம் தானாகவே வந்திருந்தன.

"கையைத் தனியா வார்த்து முந்தாநாள்தான் மணிக்கட்டுல வச்சுப் பூசினேங்க. ஈரம் காயறதுக்குள்ள திருகி எடுத்துட்டான் பாவி" என்றார் மருதை.

"கொடி?"

"அந்தக் கையிலதான் மாட்டியிருந்துச்சு. இந்தா, கீழேயே கிடக்கு."

கொடிக்கம்பின் உச்சியில் பளபளவென்று பித்தளைக் குமிழ். எடைக்குப் போட்டாலும் காசு வரும்.

"பித்தளையை விட்டுட்டு சிமெண்டை எடுத்துக்கிட்டுப் போயிருக்கான். புதுசாத் தொழிலுக்கு வந்தவன்போல" என்றேன்.

"இதைப் பாரு தாஜு" என்றார் தாயுமானவன். கை முறிந்த இடத்தில் வெள்ளைத் துணி சுற்றிப் பாங்காக முடிச்சுப் போட்டிருந்தது. "நீங்க கட்டினீங்களா, மருதை?"

"இல்லீங்க. காலையில வந்து பார்க்கறப்பவே இப்படித்தான் இருந்துச்சு."

"திருடிட்டுக் கட்டுப் போட்டுட்டுப் போயிருக்கானா? மருந்தும் தடவினானான்னு பார்க்கணும் சார்" என்றேன். தாயுமானவன் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். பழைய பருத்தித் துணி, பல தடவை துவைத்தது. அதற்கு மேல் அதில் ஒன்றும் தெரியவில்லை.

"கொட்டகைக்கு யார் யார் வருவாங்க?"

"நானும், தண்ணி ஊத்தற அந்த அம்மாவும்தான். மத்தவங்கல்லாம் வேடிக்கை பார்த்துட்டுப் போறவங்க."

மூலையில் வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பெண்மணி மண்குடத்தோடு நின்றிருந்தார். அவர்தான் தியாகியின் மனைவி பாப்பாயி. சிமெண்ட் வெடிக்காமல் இருக்கத் தினமும் நனைக்க வேண்டும். 'என் வீட்டுக்காரருக்கு நானே தண்ணி ஊத்தறேன்' என்று அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். காசிநாதன் குரலைத் தழைத்தார், அதாவது பக்கத்துத் தெருவுக்கு மட்டும் கேட்கும்படி.

"எப்பேர்ப்பட்ட உத்தமி! பன்னிரண்டாம் அத்தியாயம் முழுக்க இந்த அம்மாளின் கண்ணீர்தான். எந்தக் கூட்டமானாலும் மேடையில் முதல் நாற்காலி இவருக்கு. தியாகியின் மகள் என்று சொல்லித்தான் பெண்ணுக்கு டீச்சர் ட்ரெயினிங்கில் இடம் வாங்கித் தந்திருக்கிறேன்."

பாப்பாயி தலையைக் குனிந்துகொண்டு குடத்தோடு வெளியே போனார். அவரிடம் எதையும் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

"திருடுபோன கை எப்படி இருக்கும்?" என்று ஸ்தபதியைக் கேட்டார் தாயுமானவன்.

"போட்டோ கிடையாதுங்களே. அந்த அம்மாகிட்டத்தான் அடையாளம் கேட்டேன். வலது கையில ஆள்காட்டி விரல் பாதிதான், மாட்டுக் கயிறு சுத்தி இழுத்ததுல போயிடுச்சுன்னாங்க. அப்படியே செஞ்சேன்."

காசிநாதன் திடுக்கிட்டார். "தியாகிக்கு விரல் குறையா? என் புத்தகத்தில் ஐந்து விரலாலும் கொடி பிடிக்கிறான் ஐயா! ஒருவரும் என்னிடம் சொல்லவில்லையே."

தாயுமானவனின் நெற்றி தெளிந்தது. ரயில்வே ஸ்டேஷன் கடிகாரத்துப் பெண்டுலம் போல மெதுவாகத் தலையை ஆட்டினார். எனக்கு அந்த ஆட்டம் பழக்கம்தான். அலையப்போகிறோம் என்று அர்த்தம்.

சந்துக்கு வந்ததும், "சிலை நிக்கப்போற பாலத்து முனை வழியா யாரெல்லாம் போவாங்க?" என்றார்.

"மனுஷங்களைவிட மாடுங்கதான் சார் ஜாஸ்தி. சமயபுரம் சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போற கூட்டம்."

"மாட்டுத் தரகருங்க எப்படி விலை பேசுவாங்க?"

"துண்டைப் போட்டு மூடி, உள்ளே கையை விட்டு." சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் அத்தா தோல் வியாபாரி. சந்தைப் பழக்கம் எனக்குக் கொஞ்சம் உண்டு. துண்டுக்கடியில் எந்த விரலைப் பிடிக்கிறார்கள், எத்தனை தடவை அழுத்துகிறார்கள் என்பதுதான் விலை. மூஞ்சியைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு பேரம் நடக்கும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஒவ்வொரு தரகன் கையும் மற்ற தரகர்களுக்கு மனப்பாடம்.

"அந்தப் பாதி விரலை ஒரு பீடத்துமேல தூக்கி வச்சா, போற வர்ற தரகன் எல்லாம் 'அட, நம்மாளு கை'ன்னு நிப்பான். அது பிடிக்காத ஒருத்தர் இருக்கார்" என்றார் தாயுமானவன்.

"அப்ப, செத்துப்போன வீரமலை?"

"செத்துப்போனவருக்கு அந்தக் கவலையே வந்திருக்காதே."

மறுநாள் மணப்பாறையில் சந்தை. திண்டுக்கல் பாசஞ்சரில் போய் இறங்கினோம். முறுக்கு விற்கிறவர்களைத் தாண்டுவதற்குள் நான் ஒரு கட்டு காலி செய்திருந்தேன். தாயுமானவன் என் தோளில் புதுத் துண்டு ஒன்றைப் போட்டு, "நீ மாடு வாங்க வந்திருக்கே. போய் எல்லார் கையையும் பிடி" என்றார்.

அன்று நான் பிடித்த கைகள் கொஞ்சநஞ்சமல்ல. காய்த்த கை, வியர்த்த கை, சாணி காய்ந்த கை. எங்கள் ஜமாத்தில் யாராவது பார்த்திருந்தால் என் கல்யாணம் இன்னும் ரெண்டு வருஷம் தள்ளிப் போயிருக்கும். ஒரு கிழவர் என் விரலைப் பிடித்துவிட்டு, "தம்பி பேனா பிடிக்கிற கையி. மாடு எதுக்கு?" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஒரு ஜோடிக் காளைக்குப் பக்கத்தில் நரைத்த தாடியும் முண்டாசுமாக ஒருவர் நின்றிருந்தார். நான் துண்டைப் போட்டதும் கையை நுழைத்தார். கட்டை விரல் சரி. அடுத்தது பாதியில் நின்றது. ஒருவேளை மடக்கி வைத்திருக்கிறாரோ என்று மறுபடி அழுத்திப் பார்த்தேன். சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் அழுத்தினேன். அவர் முகம் மலர்ந்தது.

"போதும் தாஜு. இன்னும் ஒரு அழுத்து அழுத்தினா மாட்டைப் பாலக்கரைக்கு ஓட்டிக்கிட்டுப் போகணும்" என்றார் பின்னால் வந்து நின்ற தாயுமானவன். பிறகு அந்த ஆளிடம், "பேரு என்னங்க?" என்றார்.

"சின்னையா. சந்தையில யாரை வேணாக் கேளுங்க."

"வாங்க, ஒரு டீ குடிச்சுக்கிட்டே பேசலாம்."

கீற்றுப் பந்தலில் உட்கார்ந்தோம். தாயுமானவன் கடைக்காரனிடம் மூன்று விரலைக் காட்டிவிட்டு, தலையைத் திருப்பாமலே, "வீரமலை, உங்களுக்குச் சர்க்கரை எப்படி?" என்றார்.

"கொஞ்சம் தூக்கலாப் போடச் சொல்லுங்க" என்றார் அந்த ஆள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். நான் துண்டோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். காலையிலிருந்து அதுதானே பழக்கம்.

"அந்தக் கம்பிக்கா இன்னும் தேடுறீங்க? அதெல்லாம் வெள்ளைக்காரன் சொத்துங்க. அவனே போயிட்டானே" என்றார் பரிதாபமாக.

"நாங்க போலீஸ் இல்ல. என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. கதை வேணாம்."

கண்ணாடி டம்ளரைக் கையில் உருட்டியபடி சொன்னார். "அந்த வருசம் ஊர் பூரா தந்திக் கம்பியை அறுத்துக்கிட்டிருந்தாங்க. நானும் அறுத்தேன். அவங்க நாட்டுக்காக அறுத்தாங்க, நான் பாத்திரக் கடைக்காக அறுத்தேன். செம்புக் கம்பிங்க, சும்மா விடலாமா? போலீசு துரத்துச்சு. பாலத்துமேல ஓடினேன். பரங்கிக்காய் ஏத்தின வண்டி ஒண்ணு நின்னுச்சு. இருக்கறதுலயே பெரிய காயாப் பார்த்துத் தூக்கி ஆத்துல போட்டுட்டு வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டேன். தண்ணியில விழுந்த சத்தத்தைக் கேட்டு, 'குதிச்சுட்டான், குதிச்சுட்டான்'னு போலீஸ்காரனே கத்தினான்."

"பாரத மாதாவுக்கு ஜேன்னு யாரோ முழங்கினாங்களாமே" என்றேன்.

"வண்டிக்காரன் கத்தினான். காய் போன வயித்தெரிச்சல் அவனுக்கு. அவன் கத்தினது நல்ல வார்த்தை இல்லீங்க."

நான் தாயுமானவனைப் பார்த்தேன். "ஆகக்கூடி, கொள்ளிடத்துல தாய்நாட்டுக்காக உயிரை விட்டது ஒரு பரங்கிக்காய். அதுக்குத்தான் சார் சிலை வைக்கணும்."

"வீட்டுல சம்சாரம் இருந்தாங்க இல்ல?" என்றார் தாயுமானவன்.

"இருந்தா. நிறைமாசம்." டம்ளரைக் கீழே வைத்தார். "திரும்பிப் போனா ஜெயிலு. போகலைன்னா நிம்மதி. பாலக்காட்டுப் பக்கம் மாடு ஓட்டிக்கிட்டுப் போயிட்டேன். இந்தப் பக்கம் வந்து கொஞ்ச வருசம்தான் ஆச்சு. வையம்பட்டிக்குப் போகல. எந்த மூஞ்சியோட போறது?"

"சரி. சிலையோட கையை எங்க வச்சிருக்கீங்க?"

"எந்தச் சிலை?"

அவர் விழித்த விழிப்பில் பொய் இல்லை. க்ளெயிம்ஸ் இன்ஸ்பெக்டருக்கு அது உடனே தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிவதற்கு முன்னால் என் வாய் திறந்துகொண்டது. "உங்களுக்குத்தான்யா சிலை. தியாகி வீரமலைக்கு நாளைக்குத் திறப்பு விழா, கொள்ளிடம் பாலத்துல. தெரியாதா உங்களுக்கு?"

சின்னையாவின் முகம் முழுக்கச் சிரிப்பு பரவிற்று. முண்டாசை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார்.

"எனக்கா? மாலை போடுவாங்களா? பேண்டு உண்டா?" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கறப்ப சிமெண்டுக்கு எதுக்குய்யா மாலை? நாளைக்குக் காலையில நானே வந்துடறேன்" என்றார்.

என்ன சொல்லியும் கேட்கவில்லை. மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் அடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

திரும்பி வருகிற ரயிலில் தாயுமானவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஒரு கைதான் காணாமப் போயிருந்துச்சு. நாம ஒரு முழு ஆளைக் கிளப்பிக் கொண்டுவந்துட்டோம்" என்றார். திருச்சியை நெருங்கியதும் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "தாஜு, திருடினவனுக்கு முறிஞ்ச இடத்துல கட்டுப் போடணும்னு ஏன் தோணணும்?"

"இளகின மனசு சார்."

"யாருக்கு அந்தச் சிலைமேல இளகின மனசு?"

ஸ்டேஷனில் இறங்கி நேராக ஸ்ரீரங்கம் பஸ் ஏறினோம்.

கொட்டகையில் மருதை புதுக் கையைப் பொருத்தி முடித்திருந்தார். வேறு செய்ய நேரமில்லாததால், ஏதோ ஒரு கோயிலுக்கென்று வார்த்து வைத்திருந்த அபய ஹஸ்தம் ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டார். ஐந்து விரலும் முழுசாக, தந்திக் கம்பி அறுத்தவர் இப்போது அருள் பாலித்துக்கொண்டிருந்தார். கொடியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. காசிநாதனுக்கு விரல் கணக்கு சரியானதில் ரொம்பத் திருப்தி என்று சொல்லிவிட்டு, மருதை சாப்பிடப் போனார்.

பாப்பாயி புதுக் கையின்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் புடவை முந்தானையில் ஒரு சாண் அகலத்துக்கு ஓரம் கிழிந்திருந்தது. நேற்றும் அது அங்கேதான் இருந்திருக்கும். கதையில் விதவைக்கு அழுகிற வேலைதான் என்று நாங்களும் காசிநாதனைப் போலவே நினைத்துவிட்டோம்.

"பழைய கையை எங்கம்மா போட்டீங்க?" என்றார் தாயுமானவன்.

பாப்பாயி ஊற்றுவதை நிறுத்தவில்லை. "கொள்ளிடத்துல" என்றார். "அங்கதானே செத்தாரு."

"அவர் உயிரோட இருக்கார்னு எப்பத் தெரிஞ்சுது?"

"போன வாரம். பாலத்துக்கிட்ட பீடம் கட்டற எடத்துக்குத் தண்ணி ஊத்தப் போயிருந்தேன். மாடு ஓட்டிக்கிட்டு வந்தாரு. தாடி இருந்தா என்னங்க, அந்த நடை எனக்குத் தெரியாதா? பீடத்துமேல கையை ஊனிக்கிட்டு நின்னு பீடி பத்த வச்சாரு. என்னைப் பார்த்தாரு. யாரோ தண்ணி ஊத்தறான்னு பார்த்துட்டுப் போயிட்டாரு." குடத்தை இறக்கி வைத்தார். "நான்தான் புத்திகெட்டு ஸ்தபதிகிட்ட விரலைப் பத்திச் சொல்லித் தொலைச்சிருந்தேன். அதை அப்படியே விட்டா சந்தைக்காரன் ஒருத்தன் இல்லைன்னா ஒருத்தன் கண்டுபிடிச்சிருவான். அதான் திருகி எடுத்துட்டேன்."

"கட்டு ஏம்மா போட்டீங்க?" என்று கேட்டது நான்.

"முறிஞ்ச எடத்துல கம்பி துருத்திக்கிட்டு இருந்துச்சு தம்பி. மனசு கேக்கல. சிலை மேல எனக்கு என்ன கோவம்? இது நல்ல ஆளு."

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. தாயுமானவன் அங்கே கிடந்த மரக்கட்டையின்மேல் உட்கார்ந்தார்.

"கம்பித் திருடன் பொண்டாட்டின்னு கல்லெடுத்து எறிஞ்ச ஊருங்க எங்க ஊரு" என்றார் பாப்பாயி. "உடம்பாவது ஒதுங்குமான்னு வயித்துப் புள்ளையோட இந்த ஆத்தங்கரையில நின்னேன். வலி கண்டுருச்சு. இங்க ஒரு சத்திரத்துலதான் புள்ள பொறந்துச்சு. தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போனா மாமியா கதவைச் சாத்திட்டா. எத்தனையோ வருசம் கழிச்சு வாத்தியார் வந்து என்னென்னமோ கேட்டாரு, என்னென்னமோ எழுதினாரு. அன்னையிலேருந்து எனக்கு நாற்காலி போடறாங்க. புள்ளைக்குப் படிப்பு கெடைச்சுது. அந்த ஆளு உசுரோட இருந்தப்ப எனக்கு ஒருவேளைச் சோறு போட்டதில்ல. செத்ததுக்கப்புறம்தான் குடும்பத்தைக் காப்பாத்தறாரு. அவரைப் போயி உசுரோட கொண்டாந்துடாதீங்க சாமி."

தாயுமானவன் எவ்வளவோ பேரிடம் எவ்வளவோ கெட்ட சேதி சொல்லியிருக்கிறார். அன்றைக்கு மண்குடத்தைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார். "அம்மா, நாங்க அவரைப் பார்த்துட்டோம். சிலை விஷயம் அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு விழாவுக்கு வரேங்கறார்" என்றார்.

"யார் சொன்னது?"

"நான்தாம்மா" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாயை நினைத்து எனக்கே அவமானமாக இருந்தது.

பாப்பாயி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "எம் பொண்ணும் மேடையில இருப்பாளே" என்று மட்டும் சொல்லிவிட்டு, காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

வெளியே வந்து பஸ் பிடிக்க நடந்தோம். "காசிநாதன்கிட்ட என்ன சார் ரிப்போர்ட்?" என்றேன்.

"கை கொள்ளிடத்துல போட்டாச்சு, திரும்பக் கிடைக்காது. அவர் கேட்டது கையைத்தானே?"

"ஆளு?"

"ஆளைத் தேடித் தரச் சொல்லி யாரும் நம்மகிட்ட வரலையே." குரலில் சுரத்தே இல்லை. கதையைக் கண்டால் ஆகாதவர் ஒரு கதையைக் காப்பாற்ற வழி தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை.

சுதந்திர தினத்தன்று பாலத்து முனையில் நல்ல கூட்டம். பேண்டு வாசித்தார்கள். சோடா விற்றார்கள். காசிநாதன் மைக்கைப் பிடித்து வீரமலையை இரண்டு தடவை கொள்ளிடத்தில் குதிக்கவைத்தார். பாப்பாயி முதல் நாற்காலியில். பக்கத்தில் அவர் மகள், கஞ்சி போட்ட கைத்தறிப் புடவையில், நோட்டம் விடாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். காசிநாதன் அவள் பெயரைச் சொல்லி, 'தியாகியின் திருமகள்' என்று எழுந்து வணங்கச் சொன்னார். மூச்சுக்கு ஒருமுறை அவள் பெயர் ஒலிபெருக்கியில் அக்கரை வரைக்கும் போயிற்று. பிறகு திரையை இழுத்தார்கள். ஐந்து விரலும் விரித்துத் தியாகி அருள் பாலித்தார்.

எல்லாரும் கைதட்டி முடித்த பிறகுதான் மணியோசை கேட்டது. கொம்பில் பச்சை வர்ணம் அடித்த இரண்டு காளைகளோடு சின்னையா வந்து சேர்ந்தார். கயிற்றை ஒரு கம்பத்தில் கட்டிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடை ஏறினார். தடுக்கப் போன தாயுமானவனையும் என்னையும் தள்ளிவிட்டார்.

"அந்த வீரமலை நான்தாங்க" என்றார் மைக்கில். "சாகல. உசுரோட இருக்கேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"நம்பலையா? இந்தா, விரலைப் பாருங்க" என்று வலது கையைத் தூக்கினார்.

"சிலைக்கு அஞ்சு விரல் இருக்கேய்யா" என்றார் கீழே இருந்து ஒருவர். கூட்டம் அண்ணாந்து எண்ணிப் பார்த்தது. சின்னையாவும் எண்ணிப் பார்த்துக் குழம்பினார். காசிநாதனுக்கு வியர்த்துக் கொட்டிற்று. விரல் சமாசாரம் அவருக்குத்தான் தெரியுமே. அந்தப் பாதி விரலைப் பார்த்தார், கையிலிருந்த தன் கட்டுரையைப் பார்த்தார்.

"வீரமலை இறந்துவிட்டார்" என்றார் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு. "என் நூலில் அப்படித்தான் இருக்கிறது."

"நூலை விடுங்க வாத்தியாரே. இதோ உக்காந்திருக்காளே என் பொண்டாட்டி, இவளைக் கேளுங்க." சின்னையா திரும்பினார். "அடியே பாப்பாயி, சொல்லுடி."

கூட்டம் முழுக்க முதல் நாற்காலிப் பக்கம் திரும்பிற்று. மகள் அம்மாவைப் பார்த்தாள். பாப்பாயி 'ஆமாம்' என்றால் அந்த நாற்காலி போயிற்று, பெண்ணின் படிப்பு போயிற்று, கல்லெறிந்த ஊர் திரும்ப வந்துவிடும். 'இல்லை' என்றால் கட்டிய புருஷனையே கூசாமல் பொய்யனாக்க வேண்டும். தாயுமானவன் என் தோளை இறுகப் பிடித்திருந்தார். எனக்கு வலித்தது.

பாப்பாயி எழுந்து நின்றார்.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லுங்க. இவ எம் மக. இவ பேரு என்ன?"

சின்னையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் பக்கத்தில் மூத்த பெண்ணுக்கு அப்பனைப் பெற்றவள் பெயரைத்தான் வைப்பார்கள், வேறு பேச்சே கிடையாது. "இதென்ன பிரமாதம்? எங்க ஆத்தா பேருதான். காளியாயி" என்றார், உறுதியாக.

கூட்டத்தில் கிளம்பிய சிரிப்பு பாலத்தையே ஆட்டிற்று. காலையிலிருந்து ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் அவர்கள். சோடாக்காரர்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேடையில் இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாப்பாயி ஒரு வார்த்தையும் சொல்லாமல் உட்கார்ந்தார். கான்ஸ்டபிள் ஒருவர் சின்னையாவின் தோளில் கைபோட்டு மேடையிலிருந்து இறக்கினார்.

"அந்த அம்மா ஒரு பொய்கூடச் சொல்லலை தாஜு" என்றார் தாயுமானவன் மெதுவாக.

காசிநாதன் அதற்குள் பேனாவைத் திறந்திருந்தார். 'போலி வீரமலை' என்று புதிதாக ஒரு அத்தியாயம் சேர்க்கப்போகிறாராம்.

நான் கூட்டத்தின் பின்பக்கம் போனேன். கான்ஸ்டபிள் ரெண்டு அதட்டல் போட்டுவிட்டு விட்டிருந்தார். சின்னையா கம்பத்திலிருந்து காளைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கயிற்று முடிச்சு சுலபத்தில் அவிழவில்லை. என்னைப் பார்த்ததும் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"தம்பி, அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்றார்.

எதற்கும் சுடச்சுடப் பதில் வைத்திருக்கிறவன் நான். அப்போது கேட்டதை மட்டும் சொன்னேன். "ரங்கநாயகி. இந்த ஊர்லதான் பொறந்தா" என்றேன்.

"ரங்கநாயகி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "வெயில்ல கண்ணு கூசிப்போச்சு. சரியாப் பார்க்கல. யார் சாடை?"

"அவங்க அம்மா சாடைங்க."

"நல்லவேளை" என்றார். காளைகளைத் தட்டிப் பாலத்தின் மேல் ஓட்டிக்கொண்டு போனார்.